நியூட்ரினோக் கருவியின் கண்களுக்குப் படிக்கல் எது? ஒளி உணரிகளின் அளவுத்திருத்தம் குறித்த கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எஸ்டிபிஎம் என்ற உயர்நிலைப் பள்ளித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நியூட்ரினோ உணர்கருவிகளைப் பற்றி இங்குள்ள மண்டபமொன்றில் அண்மையில் ஓர் உரையாற்றினேன். மாணவர்களோடு அவர்களின் பெற்றோரும், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற சிலரும் வந்திருந்தனர். நியூட்ரினோவைவிட, அதைக் காணும் ஒளி உணரிகளை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதிலேயே அவர்களுடைய கேள்விகள் மிகுதியாக அமைந்தன. ரப்பர் பாலை எடைபோட்டும் செம்பனைக் குலையை எடைபோட்டும் வாழ்ந்த ஊரில் தராசைப் பற்றிய கேள்வி முதலில் எழுவதில் வியப்பில்லை. அன்று நேரமின்மையால் சுருக்கமாகச் சொன்னவற்றை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

நியூட்ரினோவைப் பிடிக்கும் கருவிக்கு ஒளி உணரி எதற்கு?

நியூட்ரினோ என்பது மிக நுண்ணிய அடிப்படைத் துகள்; அதற்கு மின்னூட்டம் கிடையாது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற கணக்கில் ஊடுருவிச் செல்கின்றன. நாம் எதையும் உணர்வதில்லை. மிக அரிதாக அவற்றுள் ஒன்று நீரிலுள்ள ஓர் எலெக்ட்ரானையோ அணுக்கருவையோ மோதும்போது, அங்கிருந்து தெறிக்கும் மின்னூட்டத் துகள், நீருக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைவாகப் பாய்ந்து, தன் பாதையிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் நீலநிற ஒளிக்கூம்பு ஒன்றை விரிக்கிறது. அதைச் செரன்கோவ் ஒளி என்பர். அந்தக் கூம்பு தொட்டியின் சுவரில் ஒரு வளையமாக விழுகிறது.

ஜப்பானின் கமியோகாவில் மலைக்கு அடியே, ஏறத்தாழ 1,000 மீட்டர் பாறைக்குக் கீழே அமைந்துள்ள சூப்பர் கமியோகாண்டே 1996இல் இயங்கத் தொடங்கியது. 50,000 டன் நீர் கொண்ட அத்தொட்டியின் உட்சுவரில், ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர் விட்டமுடைய 11,000க்கும் மேற்பட்ட ஒளிமின் பெருக்கிக் குழாய்கள் எனப்படும் ஒளி உணரிகள் பதிக்கப்பட்டுள்ளன. எந்தக் குழாய் ஒளியைக் கண்டது, எப்போது கண்டது, எவ்வளவு கண்டது என்ற மூன்று செய்திகள் மட்டுமே நம் கைக்கு வருகின்றன. துகளின் வகை, திசை, ஆற்றல் ஆகிய அனைத்தும் அம்மூன்றிலிருந்து கணித்துப் பெறுபவை. ஆகவே அம்மூன்றில் பிழை இருந்தால், பிறகு எத்தனை நுட்பமாகக் கணக்குப் போட்டாலும் பயனில்லை.

ஒளிமின் பெருக்கி எப்படி வேலை செய்கிறது?

காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழின் உட்புறத்தில் மெல்லிய உலோகக் கலவைப் பூச்சு ஒன்று இருக்கிறது. ஓர் ஒளித்துகள் அதில் பட்டால் சில வேளைகளில் ஓர் எலெக்ட்ரான் வெளிவரும். ஐந்து ஒளித்துகள்களுக்கு ஒன்று என்பது தோராயமான கணக்கு. அந்த எலெக்ட்ரான், உயர் மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு, டைனோட் எனப்படும் தகடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மோதுகிறது. ஒவ்வொரு தகட்டிலும் ஒன்று பலவாகப் பெருகி, இறுதியில் ஏறத்தாழ ஒரு கோடி எலெக்ட்ரான்கள் கொண்ட சிறு மின்துடிப்பாக வெளியேறுகிறது.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், மின்னழுத்தம் ஏற்றிய நிலையில் இருட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டேன். அறை வெளிச்சம் முழுவதும் உள்ளே பாய்ந்தது. அந்தக் குழாய் அதன்பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரேயோர் ஒளித்துகளைக் காணும்படி செய்யப்பட்ட கண்ணுக்கு விளக்கொளி எத்தகையது என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

தொழிற்சாலையிலேயே சரிபார்த்துத்தானே அனுப்புகிறார்கள்? மறுபடியும் ஏன் அளக்க வேண்டும்?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவர். தொழிற்சாலையிலிருந்து ஒவ்வொரு குழாயும் ஒரு சோதனைத் தாளோடுதான் வருகிறது. ஆனால் அத்தாள் சொல்வது அன்றைய நிலையை, அந்தச் சோதனைக்கூடத்தின் நிலையை. நீருக்கடியில், நீண்ட கம்பியின் முனையில், வேறொரு மின்வழங்கியோடு பல்லாண்டுகள் இயங்கும்போது அதே குழாய் அதே எண்ணைத் தராது. குழாயின் பெருக்கம் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ ஏழாம் படியாக மாறுவதால், மின்னழுத்தம் ஒரு விழுக்காடு பிசகினால் பெருக்கம் ஏழு விழுக்காடு பிசகும்.

தோட்டத்தில் ரப்பர் பாலின் எடையை மட்டும் பார்த்துக் கணக்கெழுதுவதில்லை என்பதை அவரே நினைவூட்டினார். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்று பார்த்த பின்னரே கணக்கு முடியும். இரவில் மழை பெய்திருந்தால் வாளி நிறைந்திருக்கும், ரப்பர் குறைந்திருக்கும். ஒளி உணரியின் மின்துடிப்பும் அத்தகைய வாளிதான். அது பெரிதாக இருப்பதற்கு ஒளி மிகுந்தது காரணமா, பெருக்கம் மிகுந்தது காரணமா என்று வாளியை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது.

அப்படியானால் பெருக்கத்தையும் ஒளியைக் காணும் திறனையும் பிரித்தறிவது எப்படி?

அளவுத்திருத்தத்தின் மையமே இதுதான். சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஒரு குழாய்க்கு இரண்டு குணங்கள் உண்டு. வந்து விழும் ஒளித்துகள்களில் எத்தனையை எலெக்ட்ரானாக மாற்றுகிறது என்பது அதன் திறன். அப்படிப் பிறந்த ஓர் எலெக்ட்ரானை எத்தனை மடங்காக்குகிறது என்பது அதன் பெருக்கம். ஒளி நிறைய விழும்போது நாம் அளக்கும் மொத்த மின்னூட்டம், விழுந்த ஒளி, திறன், பெருக்கம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். மூன்றும் பின்னிக் கிடப்பதால் ஒன்றைத் தனியே எடுக்க முடியாது.

இப்போது அதே விளக்கை, அதே இடத்தில் வைத்து, மிகவும் மங்கலாக்குகிறார்கள். எந்தக் குழாய்க்கும் ஒரு நேரத்தில் ஓர் எலெக்ட்ரானுக்கு மேல் பிறப்பது மிக அரிதாகும் அளவுக்கு மங்கலாக்கி, மின்துடிப்பின் அளவைப் பாராமல், துடிப்பு வந்ததா இல்லையா என்று மட்டும் எண்ணுகிறார்கள். இந்த எண்ணிக்கையில் ஒளியும் திறனும் இருக்கின்றன. பெருக்கம் ஏறத்தாழ இல்லை. முதல் அளவை இரண்டாம் அளவால் வகுத்தால், ஒளியும் திறனும் நீங்கிப் பெருக்கம் மட்டும் எஞ்சுகிறது. விளக்கு எத்தனை தொலைவில் இருந்தது, நீர் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்பவைகூட இரண்டிலும் பொதுவானவை என்பதால் அவையும் நீங்கிவிடுகின்றன.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பழகியவர்களுக்கு இதை இப்படிச் சொன்னேன்: பால் மெதுவாக வடியும்போது சொட்டுகளை எண்ணலாம், வேகமாக ஓடும்போது எண்ண முடியாது, மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சேர்ந்ததை நிறுக்கத்தான் முடியும். ஓட்டம் எத்தனை மடங்கு வேகமானது என்பது எல்லா மரங்களுக்கும் ஒன்றே என்றால், எடையைச் சொட்டுக் கணக்கால் வகுத்து எந்த மரத்தின் சொட்டு பெரியது என்று ஒப்பிட்டுவிடலாம். உவமை இதற்கு மேல் நீளாது. மரங்கள் அத்தனை ஒழுங்கானவை அல்ல.

இவ்வழியில் கிடைப்பது குழாய்களுக்கிடையேயான ஒப்பீடு மட்டுமே. ஓர் எலெக்ட்ரானுக்குச் சராசரியாக எத்தனை மின்னூட்டம் என்ற தனி அளவு வேறொரு சோதனையிலிருந்து வருகிறது.

ஒரேயோர் எலெக்ட்ரான்தான் பிறந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

ஒவ்வொரு முறையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிகழ்தகவைக் கொண்டே சொல்கிறோம். சராசரியாகப் பத்து ஒளிர்வுக்கு ஓர் எலெக்ட்ரான் பிறக்கும்படி ஒளியை மங்கலாக்கினால், பொய்சான் பரவலின்படி 90.5 விழுக்காடு முறை ஒன்றும் பிறக்காது; 9 விழுக்காடு முறை ஒன்று பிறக்கும்; இரண்டு பிறப்பது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே வந்த துடிப்புகளில் நூற்றுக்கு 95 ஒற்றை எலெக்ட்ரானுக்குரியவை. இன்னும் மங்கலாக்கினால் இன்னும் தூய்மை கிடைக்கும். ஆனால் காத்திருக்கும் நேரம் நீளும்.

சூப்பர் கமியோகாண்டேயில் இதற்கு விளக்குகூட வேண்டாம். கலிபோர்னியம் 252 என்ற கதிரியக்கத் தனிமத்தை நிக்கலுக்கு நடுவே வைத்துத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். அதிலிருந்து வரும் நியூட்ரான்களை நிக்கல் விழுங்கிக் காமாக் கதிர்களை வெளியிட, அவை நீரில் மிக மெல்லிய ஒளியைத் தோற்றுவிக்கின்றன. ஒரு நிகழ்வில் நூறு குழாய்களில் ஒன்றுகூட அந்த ஒளியைக் காண்பது அரிது. ஒற்றை எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க அதுவே ஏற்ற நிலை.

எல்லாக் குழாய்களுக்கும் ஒரே மின்னழுத்தம்தானா?

இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. தொட்டியில் பொருத்துவதற்கு முன்பே 420 குழாய்களை இருட்டுப் பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்து, ஒரே ஒளிக்கு ஒரே மின்னூட்டம் தரும்படி அவற்றின் மின்னழுத்தத்தைத் தீர்மானித்தார்கள். அவற்றைத் தொட்டி முழுதும் குறிப்பிட்ட இடங்களில் பதித்தார்கள். பிறகு தொட்டியின் நடுவே ஒளிரும் உருண்டை ஒன்றை வைத்து, அதிலிருந்து அதே தொலைவிலும் கோணத்திலும் உள்ள மற்றக் குழாய்களை, அருகிலிருக்கும் அந்த முன்மாதிரிக் குழாயோடு ஒத்துப்போகும்படி சரிசெய்தார்கள். சந்தைக் கடைகளிலுள்ள தராசுகளை முத்திரை குத்திய படிக்கல்லைக் கொண்டு சரிபார்ப்பது போன்றதே இது. படிக்கற்களும் கடைக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கின்றன என்பதுதான் வேறுபாடு.

நேரத்தை எந்த அளவுக்குத் துல்லியமாக அளக்க வேண்டும்?

நீருக்குள் ஒளி ஒரு நானோ நொடியில் (நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில்) ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் செல்கிறது. எனவே குழாய்களின் கடிகாரங்கள் ஐந்து நானோ நொடி முரண்பட்டால், துகள் தோன்றிய இடம் ஒரு மீட்டர் தள்ளித் தெரியலாம்.

இதற்காகத் தொட்டியின் நடுவே ஓர் ஒளிபரப்பும் உருண்டையைத் தொங்கவிட்டு, ஒரு நானோ நொடிக்கும் குறைவான நேரமே நீடிக்கும் லேசர் துடிப்புகளை ஒளியிழை வழியாக அதற்கு அனுப்புகிறார்கள். பக்கச் சுவரின் நடுப்பகுதி உருண்டையிலிருந்து 17 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவிலும், மேல் விளிம்பு ஏறத்தாழ 25 மீட்டரிலும் இருப்பதால், ஒரே துடிப்பு அவற்றை 35 நானோ நொடிக்கும் அதிகமான இடைவெளியில் சென்றடையும். வடிவியலைக் கொண்டு அந்த வேறுபாட்டைக் கழித்த பிறகு எஞ்சுவது ஒவ்வொரு குழாயின் சொந்தத் தாமதம்.

அத்தோடு முடிவதில்லை. பெரிய துடிப்பு, மின்சுற்றின் வரம்பைச் சிறிய துடிப்பைவிட முன்னதாகத் தாண்டிவிடும். இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கினாலும் பெரியது முந்தியதாகப் பதிவாகும். எனவே மங்கலான ஒளியிலிருந்து பிரகாசமான ஒளி வரை படிப்படியாக மாற்றி, மின்னூட்டத்துக்கு ஏற்பத் தாமதம் எப்படி மாறுகிறது என்ற அட்டவணையை ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியே தயாரிக்கிறார்கள். பதினோராயிரம் அட்டவணைகள்! கணினி இல்லாவிடில் இவ்வேலையை எந்தக் கிராணியும் ஏற்கமாட்டார்.

பூமியின் காந்தப்புலம் பாதிக்காதா?

பாதிக்கும். 50 சென்டிமீட்டர் குழாய்க்குள் எலெக்ட்ரான் நெடுந்தொலைவு பயணம் செய்வதால் திசைகாட்டி ஊசியை அசைக்கும் புலமே அதை வளைத்துவிடும். தொட்டியைச் சுற்றி 26 மின்சுருள்களை அமைத்து அப்புலத்தைப் பெருமளவு நீக்கியிருக்கிறார்கள்.

நம் ஊரில் இப்படி ஒன்றை வைக்க முடியுமா? பேராவில் பழைய ஈயச் சுரங்கங்கள் இருக்கின்றனவே?

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் பெரும்பாலும் திறந்தவெளியில், பாலோங் என்ற சரிவுக் கால்வாய் கட்டியும் ஈயக் கப்பல் விட்டும் எடுக்கப்பட்டது. வானிலிருந்து இடைவிடாது பொழியும் மியூவான் துகள்களைத் தடுக்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறையாவது தலைக்கு மேலே வேண்டும். குட்டைகளால் அது நடவாது.

இக்கேள்வியில் வெப்பம் என்ற ஒன்றும் ஒளிந்திருக்கிறது. ஒளியே இல்லாதபோதும், வெப்பத்தால் குழாயின் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் தாமாகவே கழன்று வரும். இந்த இருட்டு இரைச்சல், ஒரு பெரிய குழாயில் நொடிக்குச் சில ஆயிரம். 11,000 குழாய்களிலும் நொடிக்கு 4,000 என்று கொண்டால், 200 நானோ நொடிச் சாளரத்துக்குள் ஒன்பது பொய்த் துடிப்புகள் எங்கேனும் வந்துகொண்டே இருக்கும். சூரிய நியூட்ரினோ தருவதே சில பத்துத் துடிப்புகள் என்பதால் இது சிறிய தொல்லையன்று. கமியோகாவில் நீரை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊர் வெப்பத்தில் இரைச்சல் பன்மடங்காகும். குளிரூட்டும் செலவை முதலில் நினைக்க வேண்டும்.

குழாய்கள் சரியாக இருந்தும் நீர் கலங்கியிருந்தால்?

தூய நீரிலும் ஒளி சிறிது விழுங்கப்படும், சிறிது சிதறும். சூப்பர் கமியோகாண்டேயின் நீரில் நீலஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 100 மீட்டர் செல்ல வேண்டும். தெளிவு என்றும் ஒரே அளவில் இருப்பதில்லை. நீர்ச் சுத்திகரிப்பில் சிறு மாற்றம் செய்தாலும் மாறும். ஆகவே தொட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பல நிற லேசர் கதிர்களைச் செலுத்திச் சிதறலையும் விழுங்கலையும் தனித்தனியே, தரவு சேர்க்கும் நேரத்திலேயே தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். நீர் மங்கியதைக் குழாய் தளர்ந்ததாக எண்ணி மின்னழுத்தத்தைக் கூட்டிவிட்டால், ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழையைச் செய்தவர்களாவோம்.

எல்லாம் சரி, இறுதி ஆற்றல் அளவு உண்மையானதுதான் என்று எதைக்கொண்டு நம்புவது?

ஆற்றல் முன்கூட்டியே தெரிந்த துகள்களை உள்ளே அனுப்பிப் பார்ப்பதே வழி. மருத்துவமனைகளில் கதிர்சிகிச்சைக்கென்று செய்யப்பட்ட பழைய எலெக்ட்ரான் முடுக்கி ஒன்றைத் தொட்டியின் மேலே நிறுவி, 5 முதல் 16 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் தெரிந்த எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி, கருவி என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டார்கள். இதற்கும் மேற்பட்ட ஆற்றலுக்கு இயற்கையே படிக்கல் தருகிறது. தொட்டிக்குள் நின்றுவிடும் மியூவான்கள் சிதைந்து தரும் எலெக்ட்ரானின் ஆற்றல் 53 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது. அந்தப் பரவலின் வடிவம் கோட்பாட்டிலிருந்து துல்லியமாகத் தெரியும்.

1998இல் சூப்பர் கமியோகாண்டே அறிவித்த கண்டுபிடிப்பு, சில குழாய்களின் பழுதால் வந்த மயக்கமாக இருந்திருக்கலாம் அல்லவா?

இதைக் கேட்டவர் படிவம் ஐந்து மாணவி. என்னைக் கேட்டால் அன்றைய கேள்விகளில் மிகச் சிறந்தது இதுவே.

மேலிருந்து வரும் மியூவான் வகை நியூட்ரினோக்களோடு ஒப்பிட, பூமியின் மறுபக்கத்திலிருந்து ஊடுருவிக் கீழிருந்து வருபவை ஏறத்தாழ பாதியளவே இருந்தன. வழியில் அவை வேறு வகையாக மாறிவிடுகின்றன, ஆகவே நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதே அம்முடிவின் பொருள். அதற்காக ஜப்பானிய இயற்பியலாளர் தக்காகி கஜித்தாவுக்கு 2015இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கீழிருந்து வரும் துகளின் ஒளி மேற்பக்கத்துக் குழாய்களில் விழும். அக்குழாய்கள் மட்டும் மந்தமாக இருந்திருந்தால், நிகழ்வுகளின் ஆற்றல் குறைந்து தோன்றி, சில நிகழ்வுகள் கணக்கிலிருந்தே விழுந்திருக்கலாம். எனவே இந்த ஐயம் நியாயமானது. அதற்கு விடை இரண்டு. முதலாவது, மேலே சொன்ன மியூவான் சிதைவு எலெக்ட்ரான்கள் எல்லாத் திசையிலும் பாய்கின்றன. மேல்நோக்கிச் சென்றவற்றின் ஆற்றலையும் கீழ்நோக்கிச் சென்றவற்றின் ஆற்றலையும் ஒப்பிட்டபோது வேறுபாடு மிகச் சிறியதாகவே இருந்தது. பாதி காணாமற்போனதற்கு அது ஈடாகாது. இரண்டாவது, எலெக்ட்ரான் வகை நியூட்ரினோக்களின் வளையங்களும் அதே குழாய்களில்தான் விழுந்தன. அவற்றில் அத்தகைய குறைவு இல்லை. கண் பழுதாக இருந்தால் ஒருவரை மட்டும் பார்த்து மற்றவரைத் தவறவிடாது.

சூப்பர் கமியோகாண்டேயில் 2001இல் நேர்ந்த விபத்துக்குப் பிறகு பழைய அளவுகள் பயன்பட்டனவா?

2001 நவம்பர் 12 அன்று, பராமரிப்புக்குப் பின் நீரை நிரப்பும்போது ஒரு குழாய் உள்வெடித்து, அதன் அதிர்ச்சியலையில் ஒன்றையடுத்து ஒன்றாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் நொறுங்கின. மீதமிருந்தவற்றையும் உதிரியாக இருந்தவற்றையும் பரவலாக மாற்றியமைத்து, 5,182 குழாய்களோடு மறுபடியும் தொடங்கினார்கள். இன்னொரு முறை அவ்வாறு நேராதபடி ஒவ்வொன்றுக்கும் அக்ரிலிக் மூடியும் இழை வலுவூட்டிய நெகிழி உறையும் போடப்பட்டன. அதே ஆற்றலுடைய துகளுக்கு முன்பு கண்டதில் பாதியளவு ஒளியே அப்போது பதிவாயிற்று. மூடியும் தன் பங்குக்குச் சிறிது ஒளியைத் தடுக்கும். எனவே அளவுகளை அடியிலிருந்து மறுபடியும் எடுத்தார்கள். முழு எண்ணிக்கை 2006இல்தான் திரும்பியது.

தோட்டத்தில் போடும் பொட்டாஷ் உரத்தில் கதிரியக்கம் உண்டு என்கிறார்களே, அது இதற்கு உதவுமா?

நேரடியாக உரம் உதவாது. ஆனால் அதே தனிமம் உதவுகிறது. இயற்கையிலுள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ ஒரு பங்கு, கதிரியக்கமுடைய பொட்டாசியம் 40. செம்பனைக்குப் போடும் உரத்திலும், நாம் உண்ணும் வாழைப்பழத்திலும், கடல்நீரிலும் அது உண்டு. மத்தியதரைக் கடலின் ஆழத்தில் நிறுவப்பட்டுவரும் கேஎம்3நெட் கருவியில், ஒவ்வொரு கண்ணாடிக் கோளத்துக்குள்ளும் 31 சிறு குழாய்கள் உள்ளன. அருகே ஒரு பொட்டாசியம் 40 அணு சிதைந்தால், அதன் ஒளி அடுத்தடுத்த குழாய்கள் இரண்டில் ஒரே கணத்தில் விழுகிறது. கடலின் உப்புத்தன்மை அநேகமாக மாறாததால் இந்தச் சேர்ந்த துடிப்புகளின் வீதமும் மாறாது. ஆகவே எந்தக் குழாயில் வீதம் குறைகிறதோ, அதன் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். இந்தக் கருவியே 2023 பிப்ரவரியில், அதுவரை கண்டவற்றுள் மிகுந்த ஆற்றலுடைய நியூட்ரினோவைப் பதிவு செய்தது.

தென் துருவத்தில் பனிக்குள் புதைத்த உணரிகளை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

ஐஸ்கியூப் கருவியில் 5,160 உணரிகள், 86 கயிறுகளில், 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழம் வரை உறைந்து கிடக்கின்றன. 2010 டிசம்பரில் இறுதிக் கயிறு இறங்கியது. எதையும் வெளியே எடுக்க முடியாது. எனவே ஒவ்வொரு கோளத்துக்குள்ளும் 12 எல்இடி விளக்குகளை வைத்தே அனுப்பினார்கள். ஒன்று ஒளிர, சுற்றியுள்ளவை அதைப் பார்த்து, நேரத்தையும் ஒளியின் அளவையும் சொல்கின்றன.

இங்கே குழாயைவிடப் பனியே சிக்கலானது. பண்டைக் காலத்தில் காற்றில் வந்து படிந்த தூசு, ஏறத்தாழ 2,000 மீட்டருக்குக் கீழே ஓர் அடுக்காக நிற்கிறது. அதன் வழியே ஒளி நன்றாகச் செல்வதில்லை. துளையிட்டு மறுபடியும் உறைந்த பனியில் குமிழ்கள் உள்ளன. இவற்றையெல்லாம் இன்னும் கூர்மையாக அளப்பதற்காகவும், புதுவகை விளக்குகளும் கேமராக்களும் பொருத்திய ஏழு புதிய கயிறுகளை நடுப்பகுதியில் இறக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. புதிய நியூட்ரினோக்களைப் பிடிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பனியின் குணத்தைத் திருத்தமாக அறிந்து, இதுவரை பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த பழைய பதிவுகளை மறுபடியும் கணக்கிடுவது மற்றொன்று.